தவறுகளை எழுதிய நோட்டு

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை தேர்வாகி, இப்போது சேலத்திலேயே வேலை. எப்படிப் படித்தேன் என்று தம்பி தங்கைகள் சிலர் இன்பாக்ஸில் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் இரண்டு முறையும் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை முடிந்து வந்து, ராத்திரி பதினொரு மணி வரை புத்தகத்தைப் புரட்டினேன். படித்தோம் என்ற திருப்திதான் மிச்சம். அப்புறம் முக்கியமாக மாற்றியது ஒன்றுதான். பழைய வினாத்தாள்களை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதினேன். தவறிய ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் குறித்து, பக்கத்திலேயே காரணமும் எழுதினேன். தெரியாததா, மறதியா, அவசரமா? எனக்குப் பாதிக்கு மேல் அவசரம். அதற்கு மருந்து இன்னொரு புத்தகம் இல்லை. கேள்வியை இரண்டு முறை படிப்பது.

தமிழைத் தயவுசெய்து சும்மா விடாதீர்கள். 200 கேள்விகளில் 100 அதுதான். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று கேட்கிறீர்கள். வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருந்தால் மட்டும் சரி. நான் விடவில்லை. காலை நாலரைக்கு எழுந்து, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.