அக்காவின் குயர் நோட்டு

மனநோயாளிகளுக்கான எங்கள் காப்பகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் களப்பணியாளராக இருந்த அக்கா போன மாதம் தவறிவிட்டார். மாரடைப்பு. பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். சமையல்கட்டிலிருந்து டாக்டர் அறை வரைக்கும் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

வியாசர்பாடிக்காரர். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்களே, அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

சென்ட்ரலிலும் கோயம்பேட்டிலும் வழி தெரியாமல் அலைந்து எங்களிடம் வந்து சேர்கிறவர்களிடம், சிகிச்சையில் கொஞ்சம் தெளிந்ததும், ஊர் எது என்று கேட்போம். பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். அக்கா ஊரைக் கேட்கவே மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாமா, உங்க கோயில்ல எந்த மாசம் விசேஷம்?" என்பார். ஆடியில் கூழ் என்றால் வடக்குப் பக்கம், பங்குனியில் பொங்கல் என்றால் விருதுநகர் பக்கம். இப்படி அவருக்கு ஒரு கணக்கு உண்டு. சில நேரம் தப்பும். தப்பினால் அடுத்த நாள் குழம்பிலிருந்து ஆரம்பிப்பார்.

மாசக்கணக்கில் பேசாமலே இருந்த ஒரு அம்மா. அக்காவுக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு (டாக்டர் திட்டாத நாளில்லை). ஒரு நாள் மதியம் வெற்றிலையை மடியில் கொட்டி, காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சட்டென்று அதை வாங்கி, காம்பெல்லாம் ஒரே பக்கம் வருகிற மாதிரி அடுக்கி, தொடையில் தட்டிச் சமன் செய்து, "ஒரு கவுளி தேறாது" என்றார். கவுளி என்பது வெற்றிலைக் கட்டுக் கணக்கு. எங்களிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அக்கா எழுந்திருக்கவே இல்லை. "யாரு கொடிக்கால்ல வேலை பாத்த?" என்று கேட்டார். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அப்புறம் ஆறு, பாலம், ரயில் சத்தம் என்று பேச்சு ஓடி, சோழவந்தானில் போய் நின்றது. அந்த வாரமே போலீஸ் ஸ்டேஷன் மூலமாகத் தம்பியைப் பிடித்துவிட்டோம்.

வீட்டுக்கு அனுப்புவதோடு அக்கா விடமாட்டார். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறதே, அதற்குச் சீட்டு எழுதி வாங்கிக் கையில் கொடுத்துத்தான் பஸ் ஏற்றுவார். போன் செய்தால் மாத்திரையைப் பற்றிக் கேட்க மாட்டார். போட்டாச்சு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "ராத்திரி தூங்குறாளா?" என்று கேட்பார். நோய் திரும்புவது பல பேருக்கு முதலில் தூக்கத்தில்தான் தெரியும். பயிற்சி வகுப்பில் எங்களுக்கு இதை ஸ்லைடு போட்டுச் சொன்னார்கள். எனக்குப் புரிந்தது அக்காவின் போன் பேச்சை ஒட்டுக்கேட்டுத்தான்.

விசாரித்ததையெல்லாம் ஒரு குயர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஊர், திருவிழா மாசம், பஸ் நிற்கும் இடம், டீக்கடைக்காரர் நம்பர். இப்போது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். கோழிக் கிறுக்கல். ஒரு பக்கத்தில், "முனியப்பன் கோயில், ரெட்டைப் புளியமரம், சாயங்கால பஸ் மட்டும்" என்று இருக்கிறது. ஊர் பெயரை எழுதவில்லை. சேலம், தர்மபுரிப் பக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்காவது பிடிபட்டால் சொல்லுங்கள்.