எருசலேமின் சாவி

இயேசுவின் கல்லறைமேல் எழுந்ததாகச் சொல்லப்படும் திருக்கல்லறைத் தேவாலயத்தின் கதவு திறப்பதைப் பார்க்க வேண்டுமானால் விடியுமுன் போய்விட வேண்டும். 2019 பிப்ரவரியில், எகிப்து, ஜோர்தான், இஸ்ரேல் என்று பத்து நாளில் சுற்றிக் காட்டும் குழு ஒன்றில் நான் எருசலேமுக்குப் போயிருந்தேன். குழுவில் மற்றவர்கள் உறங்கிக்கொண்டிருக்க, நாங்கள் ஐந்து பேர் சால்வையைப் போர்த்திக்கொண்டு கல் பாவிய சந்துகளில் நடந்து முற்றத்தை அடைந்தபோது, இரண்டு கன்னியாஸ்திரீகளையும் ஒரு பூனையையும் தவிர அங்கே யாரும் இல்லை. இரட்டை வாசலில் வலப்பக்கத்து வாசல் கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது. இடப்பக்கத்துக் கதவு ஒன்றுதான் இத்தனை பெரிய கோயிலுக்கும் வழி.

சிறிது நேரத்தில் கோட்டு அணிந்த ஒருவர் வந்தார். கதவின் நடுவே இருந்த சிறு திட்டிக்கதவு உள்ளிருந்து திறந்தது. அதன் வழியாக ஓர் ஏணியை வெளியே நீட்டினார்கள். அவர் அதைச் சார்த்தி ஏறி, ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள இரும்புச் சாவியால் மேல்பூட்டைத் திறந்தார்; இறங்கிக் கீழ்ப்பூட்டைத் திறந்தார்; ஏணியை வந்த வழியே உள்ளே தள்ளிவிட்டார். கிரேக்கர், லத்தீனர், ஆர்மீனியர் ஆகிய மூன்று சபைகளின் குருமாரும் உள்ளே நின்று கதவை விரித்தார்கள். வெளியே நின்று திறந்தவர் முஸ்லிம். சாவியைப் பாதுகாப்பது ஜூதே குடும்பம், கதவைத் திறந்து அடைப்பது நுசைபா குடும்பம் என்பது பல நூற்றாண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு. 1187இல் சுல்தான் சலாஹுத்தீன் சிலுவைப்போர் வீரர்களிடமிருந்து நகரைப் பிடித்த காலத்தோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். நுசைபா குடும்பத்தாரோ தங்கள் உரிமை ஏழாம் நூற்றாண்டில் கலீபா உமர் கொடுத்தது என்கிறார்கள். எங்கள் பாளையங்கோட்டைக் கோயிலில் கோயில்குட்டியார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வருவதைச் சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய எனக்கு, இந்தக் காட்சியை மனத்தில் வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

உள்ளே நுழைந்தவுடன், இயேசுவின் உடலைக் கிடத்தித் தைலம் பூசியதாகச் சொல்லப்படும் கல். முழங்கால் படியிட்டு நெற்றியை வைத்தேன். கல் குளிர்ந்து, பரிமளத் தைலம் மணத்தது. கல்லறைக்குள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேருக்குமேல் போக முடியாது. குனிந்து நுழைந்தால், வலப்பக்கம் பளிங்குப் பலகை மூடிய ஒரு கல்படுக்கை, அவ்வளவுதான். 2016இல் பழுதுபார்க்கும் வேலைக்காக அந்தப் பளிங்கை நகர்த்தியபோது, அடியில் இன்னொரு பலகையும் அதற்கும் கீழே வெட்டிய பாறையும் தெரிந்தன. அந்த அடிப் பலகையின் சுண்ணச்சாந்தை ஆராய்ந்தவர்கள் அது நான்காம் நூற்றாண்டுக்கு உரியது என்று கண்டார்கள். ஜெபிக்கவென்று எத்தனையோ விண்ணப்பங்களை மனப்பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். கையைப் பலகைமேல் வைத்ததும் அத்தனையும் மறந்துபோயின. இறந்துபோன என் மனைவியின் பெயர் ஒன்றுதான் வாயில் வந்தது. அதற்குள் கிரேக்கத் துறவி வெளியே வரச்சொல்லிக் கையசைத்துவிட்டார்.

அதே நாள் பிற்பகலில் சீயோன் மலையில் மேல்வீட்டறைக்குப் போனோம். கர்த்தர் கடைசி இராப்போஜனம் பண்ணினதும், பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் இறங்கினதும் இங்கேதான் என்பது பாரம்பரியம். இப்போது நிற்கும் கட்டடம் இடைக்காலத்தது. அதை 16ஆம் நூற்றாண்டில் துருக்கியர் பள்ளிவாசலாக்கினார்கள். ஆகவே கூரையில் கோதிக் வளைவுகள், தெற்குச் சுவரில் மக்காவின் திசை காட்டும் மிஹ்ராப் மாடம், சன்னல் கண்ணாடியில் அரபு எழுத்து. எங்கள் போதகர் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தார். ஐம்பது ஆண்டுகளாகக் கேட்ட பகுதி. பார்த்தரும் மேதரும் என்று தொடங்கும் அந்த ஜனங்களின் பட்டியல் ‘கிரேத்தரும் அரபியரும்’ என்று முடிவதை நான் அன்றைக்குத்தான் காதில் வாங்கினேன். என் கண் தானாக அந்த மிஹ்ராபின் பக்கம் திரும்பியது.

ஞாயிறு பள்ளியில் நாங்கள் கற்ற வரலாற்றில் ஒரு பெரிய தாண்டல் உண்டு. ஸ்தேவான் கல்லெறியுண்டு மரித்தான், விசுவாசிகள் சிதறினார்கள், அந்தியோகியாவில் முதன்முதலாகச் சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பேர் வழங்கிற்று, பவுல் ரோமாபுரிக்குப் போனார். அங்கிருந்து ஒரே எட்டாக 1706இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் இறங்கிவிடுவார், அதன்பின் 1785இல் எங்கள் ஊரில் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயிலுக்கு வந்து சேர்ந்துவிடுவோம். நடுவே இருந்த காலம் எருசலேமின் கற்களில் இருக்கிறது. கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்து யூதர்களின் தேவாலயத்தை இடித்தான். 135இல் ரோமப் பேரரசன் ஆதிரியான் நகரின் பெயரையே மாற்றி, கல்லறை இருந்த இடத்தின்மேல் தன் தெய்வங்களுக்குக் கோயில் எழுப்பினான். இயேசுவைப் பின்பற்றியவர்கள் வீடுகளில் கூடி, துறைமுகங்களிலும் வணிகப் பாதைகளிலும் வாய்மொழியாகச் செய்தியைக் கொண்டுபோய், 313இல் ரோமப் பேரரசர்கள் கான்ஸ்தந்தீனும் லிசீனியுவும் வழிபாட்டுச் சுதந்தரம் தரும்வரை சட்டத்தின் நிழல்கூட இல்லாமல் பரவினார்கள். கான்ஸ்தந்தீனின் தாய் ஹெலேனா அம்மையார் வந்துபோன பின், 335இல் இந்தத் தேவாலயம் பிரதிஷ்டை ஆனது. கிழக்கே சிரியாவிலும் பாலைவன விளிம்பிலும் சுவிசேஷம் அரபுக் குலங்களுக்குள்ளும் நுழைந்தது. கஸ்ஸான் குலத்தார் கிறிஸ்தவர்கள், தெற்கே நஜ்ரானில் சபை இருந்தது.

இந்தப் பின்கதையை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு பாதிரியார் அல்லர். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்தவன் என்பதால் அவருக்கு நான் எப்போதும் ‘சார்வாள்’. மக்காவில் நபிகள் நாயகத்துக்கு 610இல் முதல் வஹீ என்ற இறைச்செய்தி இறங்கியபோது அதை அடையாளம் கண்டு தேற்றியவர் வரகா என்ற கிறிஸ்தவப் பெரியவர் என்பதும், மக்காவின் குறைஷிக் குலத்தாரின் கொடுமை தாங்காமல் சுமார் 615இல் முதல் முஸ்லிம்கள் கடல் கடந்து அடைக்கலம் தேடியது இன்று எத்தியோப்பியா எனப்படும் அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பிடித்துக்கொண்டுபோக மக்காவிலிருந்து ஆள் வந்தபோது, அடைக்கலம் தேடியவர்களில் ஒருவரான ஜஅஃபர் அரசவையில் குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தை ஓதினார்; மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, நீங்கள் ஈசாவை, அதாவது இயேசுவை, பற்றிச் சொன்னதற்கும் உண்மைக்கும் இந்தக் குச்சியளவுகூட வித்தியாசமில்லை என்றாராம். இதைச் சொல்லும்போது பாய் கையிலிருந்த கஜக்கோலைத்தான் தூக்கிக் காட்டினார். எருசலேமை அவர் பைத்துல் முகத்தஸ் என்றுதான் சொல்வார். நான் புறப்படுமுன் அவர் கேட்டது ஒன்றே: “சார்வாள், பைத்துல் முகத்தஸுக்குப் போறிய. அங்கன நின்னு நம்மளயும் ஒரு நிமிஷம் நெனச்சிக்கிடுங்க.”

மறுநாள் காலை அந்த நிமிஷத்துக்காக, யூதர்களின் பழைய தேவாலயம் இருந்த மேட்டுத் தளத்துக்குப் போனேன்; இன்று அது முஸ்லிம்களின் அல்-அக்ஸா வளாகம். முஸ்லிம் அல்லாதவர்கள் மேற்குச் சுவரின் அருகே மரப்பாலம் ஏறி, மக்ரிபி வாசல் வழியாக, குறிப்பிட்ட நேரத்தில்தான் போகலாம். உள்ளே வேதபுத்தகம் கொண்டுபோகக் கூடாது என்று வழிகாட்டி சொன்னதால், என் சிறிய தமிழ் வேதாகமத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் பாதுகாப்புச் சோதனையில் நின்றேன். அது கையில் இல்லாதது ஒரு மாதிரியாக இருந்தது. மேலே போனால் சந்தடி அறவே இல்லை. ஒலிவ மரங்கள், சைப்ரஸ் மரங்கள், பந்து விளையாடும் பிள்ளைகள்; படிக்கட்டுக்கு அப்பால் ஒரு பாறையை மூடி நிற்கும் நீல ஓடு பதித்த எண்கோணமும் பொன் குவிமாடமும். முஸ்லிம்கள் முதலில் தொழுதது இந்த நகரை நோக்கித்தான். 622இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து, அதாவது குடிபெயர்ந்து, பதினாறு பதினேழு மாதங்கள் ஆனபின்தான் கிப்லா என்ற தொழும் திசை மக்காவின் பக்கம் திரும்பியது. நபிகள் நாயகம் விண்ணேறிய மிஃராஜ் இரவை அவர்கள் இந்தப் பாறையோடு சேர்த்து நினைக்கிறார்கள்.

636இல் யர்மூக் போரில் ரோமப் பேரரசு தோற்றபின், எருசலேம் முற்றுகைக்குள்ளாகி, ஓரிரு ஆண்டுகளில் பேராயர் சொஃப்ரோனியு நகரைக் கலீபா உமரிடம் ஒப்படைத்தார். அப்போது இந்தத் தளம் குப்பைமேடாகக் கிடந்தது. ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராது என்ற கர்த்தருடைய வார்த்தை நிறைவேறியதற்குச் சாட்சியாகக் கிறிஸ்தவர்கள் அதை அப்படியே விட்டிருந்தார்கள். உமர் அதைத் துப்புரவாக்கினார். சுமார் 680இல் வந்த அர்குல்ஃப் என்ற மேற்கத்திய ஆயர், மூவாயிரம் பேர் தொழக்கூடிய மரப் பள்ளிவாசல் ஒன்றை இங்கே பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், ஹிஜ்ரி 72இல் (கி.பி. 691-92), கலீபா அப்துல் மலிக் கட்டிய இந்தக் குவிமாடம் எழுந்தது. அதன் விட்டம் ஏறக்குறைய 20 மீட்டர். திருக்கல்லறைமேல் இருந்த குவிமாடத்தின் அளவும் கிட்டத்தட்ட அதுவே. பார்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே போக எங்களுக்கு அனுமதியில்லை. ஆனால் உள்வளைவில் ஓடும் எழுத்து என்ன சொல்கிறது என்பதை வரலாறு படித்தவன் என்ற முறையில் அறிவேன். அது மர்யமின் மகன் ஈசாவைப் பற்றிப் பேசுகிறது. அவர் பிறந்த நாளிலும் இறக்கும் நாளிலும் எழுப்பப்படும் நாளிலும் அவர்மேல் சாந்தி உண்டாகட்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை. வேதக்காரரே, மூன்று என்று சொல்லாதீர்கள் என்றும் கண்டிக்கிறது. என் விசுவாசத்தின் நடு நரம்பைத் தொடும் கண்டனம் அது. அதைப் பூசி மெழுகி இரண்டும் ஒன்றுதான் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை; பாயும் அப்படிச் சொல்பவர் அல்லர். ஆனாலும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக என் ஆண்டவரின் பெயர் அந்தச் சுவரில் இருக்கிறது. ஒலிவ மரத்தடியில் நின்று பாயையும் அவர் வீட்டாரையும் நினைத்துக்கொண்டேன். உதட்டை அசைத்து ஜெபிக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன்.

வாளோடு வந்த ஆட்சி ஒரே நாளில் ஊரை மாற்றிவிட்டது என்று நினைப்பவர்கள் அல்-முகத்தஸீயைப் பார்க்க வேண்டும். இந்த ஊரிலேயே பிறந்த அந்தப் புவியியலாளர் 985வாக்கில், எருசலேமில் எங்கு பார்த்தாலும் கிறிஸ்தவர்களும் யூதர்களும்தான் மிகுதி என்று குறைப்பட்டு எழுதினார். உமருக்குப்பின் முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அதுதான் நிலை. கேடுகெட்ட நாட்களும் இருந்தன: 1009இல் ஹாக்கிம் என்ற கலீபா திருக்கல்லறைத் தேவாலயத்தை இடிக்கச் செய்தான், 1099இல் சிலுவைப்போர் வீரர்கள் நாங்கள் நின்ற அந்தத் தளத்தில் இரத்தம் ஓட வெட்டினார்கள்.

கடைசி நாள் மாலையில் தேவாலயத்தின் கூரைக்குப் போனேன். அங்கே எத்தியோப்பியத் துறவிகள் மண்குடில் போன்ற சிற்றறைகளில் வாழ்கிறார்கள். கறுப்பு அங்கியணிந்த முதியவர் ஒருவர் வாசற்படியில் அமர்ந்து, பழுப்பேறிய தோல் வேதபுத்தகத்தை முணுமுணுத்து வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு துளசிச்செடித் தொட்டி. நஜ்ஜாஷியின் நாட்டுக்காரர். கும்பிட்டேன், அவரும் தலையசைத்தார்.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போய்க் கைபேசியில் படங்களைக் காட்டினேன். பாய் குவிமாடத்தைவிட முற்றத்துப் படத்தில்தான் அதிக நேரம் நின்றார். தேவாலயத்துக்குள்ளேயே தொழலாம் என்று பேராயர் சொன்னபோது, நான் இங்கே தொழுதால் பின்னால் வருபவர்கள் இதைப் பள்ளிவாசலாக்கிக்கொள்வார்கள் என்று உமர் மறுத்து, வெளியே போய்த் தொழுத கதை அவருக்கு மனப்பாடம். அன்று வாசல் கிழக்கே இருந்தது என்றும், இப்போது தெற்கு முற்றத்துக்கு எதிரே இருக்கும் உமர் பள்ளிவாசல் 1193இல் சலாஹுத்தீனின் மகன் கட்டியது என்றும் விளக்கினேன்.

“இந்த வாசலுக்கும் அந்த மினாராவுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும், சார்வாள்?” என்றார்.

முற்றத்தின் அகலம்தான் என்றேன். அவர் கஜக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, எண்ணுவதுபோல் கல் கல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.