வில்லை மூடியின் நடனம்

எங்கள் கல்லூரிப் புகைப்படக் கழகத்திடம் இருந்தது ஒரேயொரு கமரா. அதுவும் சுருளொன்றுக்குப் பன்னிரண்டு படங்களே எடுக்கும் பழைய கமரா. நான் பத்தாம் வகுப்பில் படித்த ஆண்டு, இல்ல விளையாட்டுப் போட்டியைப் படம்பிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்தக் கமராவில் பார்க்கும் துளை வில்லைக்கு மேலே தனியாக இருந்தமையால், வில்லையின் மூடியைக் கழற்றாமலே அஞ்சலோட்டம் முதல் பரிசளிப்பு வரை பன்னிரண்டையும் எடுத்து முடித்தேன். கழுவிய சுருளை விளக்குக்கு நேரே உயர்த்திய ஆசிரியர், கண்ணாடிபோலத் தெளிந்திருந்த அதனூடாக என் முகத்தைப் பார்த்து, "தம்பி, மூடியைக் கழட்டினனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வெட்கம் பாரிசு வரை என்னோடு வந்திருந்தது என்பதை, பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் அனியஸ் வர்தா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, 'பொறுக்குவோரும் பொறுக்குபவளும்' என்று தமிழில் சொல்லத்தக்க ஆவணப்படத்தைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அறுவடைக்குப்பின் வயலில் எஞ்சியதைப் பொறுக்குவோரைப் பற்றிய படம் அது. (நாமோ 'பொறுக்கி' என்பதை வசவாக்கிவிட்டோம், அங்கே கறுப்பு அங்கியணிந்த வழக்கறிஞர் ஒருவர் வயலிலே நின்று, பொறுக்கும் உரிமையை 1554ஆம் ஆண்டின் அரச ஆணையிலிருந்து எடுத்துரைக்கிறார்.) வடிவம் பிசகியதால் கொட்டப்பட்ட உருளைக்கிழங்குக் குவியலில் இதய வடிவிலானவற்றைத் தேடியெடுக்கும் வர்தாவும் பொறுக்குபவரே. புகைப்படக்காரராகத் தொடங்கி, 1954இல் முதற்படத்தை எடுத்த அவர், எழுபதைக் கடந்த வயதில், உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் கமராவை ஒரு கையில் பிடித்தபடி தமது மறு கையைப் படமாக்குகிறார். ரெம்பிராண்டின் ஓவியம் அச்சிட்ட அஞ்சலட்டையிலிருந்து அந்தக் கைக்கு நகரும் கமரா, நரம்பையும் சுருக்கத்தையும் முதுமைப் புள்ளிகளையும் ஒளிக்காமல், ஏதோ அறியாத விலங்கொன்றின் தோலைப் பார்ப்பதுபோல் நெருங்கிப் பார்க்கிறது.

பின்னர் ஓரிடத்தில் கமராவை நிறுத்த மறந்து நடக்கிறார். நிலம் தலைகீழாய் ஓட, நூலில் தொங்கும் வில்லை மூடி திரைக்குக் குறுக்கே ஆடுகிறது. வேறெவரும் வெட்டியெறிந்திருப்பர், அவரோ ஜாஸ் இசை சேர்த்து அதனை மூடியின் நடனமாக்கிவிட்டார். அரங்கில் நான் வாய்விட்டுச் சிரித்ததை அருகிலிருந்த மூதாட்டி திரும்பிப் பார்த்தார்.

எங்கள் ஆசிரியரும் என் சுருளை எறியவில்லை. மூடியை மறப்போருக்குக் காட்டவென்று இருட்டறைக் கதவில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். நான் கல்லூரியை விட்டு நீங்கிய நாளிலும், கதவைத் திறந்தபோது அது காற்றில் ஆடிற்று.