வட்டம்தான், ஆனால் பூஜ்ஜியம் வரவில்லை

மூன்று வாரமாக ராத்திரி வேலை இதுதான்: கடக ராசிப் பக்கம் இருக்கும் எம்67 நட்சத்திரக் கொத்தில், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களுக்குச் சுற்றுப்பாதை கணக்கிடும் பைத்தான் நிரல். கொத்துக்கு வயது சுமார் 400 கோடி ஆண்டு. அவ்வளவு தூரத்தில் ஜோடி ஒரே புள்ளியாகத்தான் தெரியும். நிறமாலைக் கோடுகள் நகர்வதிலிருந்து, நட்சத்திரம் நம் பக்கம் வரும் வேகத்தையும் விலகும் வேகத்தையும் எடுத்து, அதற்குப் பாதையைப் பொருத்த வேண்டும்.

நிஜத் தரவில் கை வைக்கும் முன் ஒரு பொய் ஜோடி செய்துகொண்டேன். சுற்றுக்காலம் 6 நாள், சுத்த வட்டம், வேக வீச்சு நொடிக்கு 20 கி.மீ., 15 அளவீடு, ஒவ்வொன்றிலும் 1 கி.மீ. அளவுக்குப் பிசகு. நிரல் சொன்ன பதில் 1.2 நாள்! அரை மணி நேரம் நிரலைத் திட்டினேன். தப்பு என்னுடையது. தினமும் ஒரே நேரத்தில் பார்த்ததாகத் தேதிகள் கொடுத்திருந்தேன். அப்படிப் பார்த்தால் 6 நாள் சுற்றும் 1.2 நாள் சுற்றும் ஒரே மாதிரிதான் தெரியும். நேரங்களைக் கலைத்துப் போட்டதும் 6 வந்தது.

அப்புறம் அடுத்த தலைவலி. வட்டப் பாதைக்கு மையத்தொலைத்தகவு (பாதை எவ்வளவு நீள்வட்டம் என்று சொல்லும் எண்; சுத்த வட்டத்துக்குப் பூஜ்ஜியம்) 0.03 என்றது. வேறு பிசகுகளோடு ஓட்டினால் 0.01. நூறு பொய் ஜோடிகளை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பூஜ்ஜியம் இல்லை, சராசரி 0.02-ஐ ஒட்டி. யோசித்தால் சரிதான்: இந்த எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவே முடியாது, பிசகு எப்படித் தள்ளினாலும் மேலேதான் போகும். லூசி, ஸ்வீனி என்ற வானியலாளர்கள் 1971-லேயே இதை எழுதி வைத்துவிட்டார்கள்.

இந்தச் சின்ன எண்ணுக்கு இவ்வளவு அலட்டல் எதற்கு என்றால், நெருங்கிய ஜோடிகள் ஓத விசையால் (கடலில் ஓதம் எழுப்பும் அதே ஈர்ப்பு இழுப்பு) ஒன்றையொன்று பிசைந்து பாதையை வட்டமாக்கிவிடும். கொத்துக்கு வயது ஏற ஏற, இன்னும் நீண்ட சுற்றுக்காலம் உள்ளவையும் வட்டமாகும். எந்தச் சுற்றுக்காலம் வரை பாதைகள் வட்டமாகிவிட்டன என்பதுதான் எல்லை; வானியலாளர்கள் மைபோமும் மேத்யூவும் 2005-இல் எம்67-க்குப் போட்டது சுமார் 12 நாள். அதைவிடக் கிழடான என்ஜிசி 188 கொத்துக்கு 14.5. என் 0.03-ஐ நீள்வட்டம் என்று நம்பியிருந்தால் எல்லை எங்கேயோ போயிருக்கும்.

ஏற்கெனவே வெளியான எம்67 அட்டவணை ஒன்றிலிருந்து நேற்று புள்ளிகளை வரைந்தேன்: கிடையாகச் சுற்றுக்காலம், உயரத்தில் மையத்தொலைத்தகவு. இடப்பக்கம் தரையோடு ஒட்டிக் கிடந்து, 12 நாள் தாண்டியதும் ஈசல் மாதிரி கிளம்புகின்றன. ஒன்று மட்டும் அடங்கவில்லை. எஸ்1284, கொத்தின் வயதுக்கு இந்நேரம் இருக்கக்கூடாத அளவு நீலமும் வெளிச்சமும் கொண்ட நட்சத்திரம். அதன் ஜோடியின் சுற்றுக்காலம் 4.18 நாள்தான், தகவு 0.2. இதைப் பிசகின் தலையில் கட்ட முடியாது.