"உள்ளுக்கை வேற ஆக்கள் இருந்தவையோ?"

2013 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு வேலை. நள்ளிரவுக்குள் பக்கம் முடித்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கிழமை முழுக்க அமெரிக்காவிலிருந்து ஒரே செய்திதான் வந்துகொண்டிருந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸிலிருந்து நீக்கப்பட்ட கிறிஸ்தோபர் டோர்னர் என்பவர் துப்பாக்கியோடு தலைமறைவாகி, பொலிஸாரையும் அவர்களின் குடும்பத்தாரையும் தேடித் தேடிக் கொல்லப்போவதாக எழுதிவைத்துவிட்டு அலைந்துகொண்டிருந்தார். நான்கு பேரைக் கொன்றார். அவர்களில் இருவர் பொலிஸ்காரர்கள். கடைசியில் பெப்ரவரி 12ஆம் திகதி பிக் பெயார் ஏரிக்கு அருகே, மலைக்காட்டில் ஒரு மரவீட்டுக்குள் அவரை மடக்கினார்கள். சூடு நடந்தது. கண்ணீர்ப்புகைக் குண்டுகளை உள்ளே வீசினார்கள். வீடு தீப்பிடித்து எரிந்தது.

"பொலிஸார் வீட்டைச் சுற்றிவளைத்தனர்" என்று மொழிபெயர்த்தேன். "தீயில் கருகிப் பலி" என்று தலைப்புப் போட்டேன். அது பிழை. தலையில் பட்ட ஒரு வெடியால்தான் அவர் இறந்தார், அது அவரே சுட்டுக்கொண்டதாகத்தான் தெரிகிறது என்று பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். பார்க்காத ஒரு மரணத்துக்கு வினைச்சொல் போடுவதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பேப்பர் வெளிவந்த அன்று பின்னேரம் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கோப்பாய்ப் பக்கத்து வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"தம்பி, அந்த வீட்டுக்கை வேற ஆக்கள் இருந்தவையோ?"

இல்லை, அவர் மட்டும்தான் இருந்தார் என்றேன். "சரி, அப்ப நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அமெரிக்காவில் அந்த நாட்களில் சனம் பல பக்கமாகப் பிரிந்து நின்று பேசியது. பொலிஸ்காரரைக் கொன்றவனுக்கு வேறு என்ன முடிவு என்று ஒரு பகுதி சொன்னது. ஓட வழியில்லாமல் தனியாக இருந்த ஆளை வெளியே வரும்வரை ஏன் காத்திருந்து பிடிக்கவில்லை என்று இன்னொரு பகுதி கேட்டது. வேண்டுமென்றே வீட்டை எரிக்கவில்லை என்று அந்தப் பகுதிப் பொலிஸ் தலைவரான ஷெரிப் சொன்னதைப் பலர் நம்பவில்லை. பொலிஸுக்குள் இருக்கும் இனவெறியைப் பற்றி டோர்னர் எழுதியவற்றை வாசித்து, கொலைகாரன் என்று தெரிந்தும் அவர் பக்கம் சாய்ந்தவர்களும் இருந்தார்கள். இவை எல்லாம் எனக்கு விளங்கியது. கோப்பாய் ஆசிரியரின் கேள்வி விளங்கத்தான் நேரம் எடுத்தது.

'சுற்றிவளைப்பு' என்ற சொல்லை நான் அகராதியிலிருந்து எடுத்ததுபோல எழுதியிருந்தேன். அவருக்கு அது அகராதிச் சொல் இல்லை. போர்க் காலத்தில் படையினர் விடியப்புறத்தில் ஊரை வளைத்து, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ கொண்டுபோய் வெயிலில் வரிசையாக இருத்தி, முகத்தை மூடியபடி தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்ட நாட்கள் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. தேடப்பட்டவர் ஒருவர், வளைக்கப்பட்டவர்கள் ஊர் முழுக்க. அந்த வாழ்க்கை வாழ்ந்தவர், உள்ளே இருந்தவன் நல்லவனா கெட்டவனா என்று முதலில் கேட்கமாட்டார். வேறு யார் அகப்பட்டார்கள் என்றுதான் கேட்பார்.

உண்மையில் அந்த வேட்டையில் வேறு ஆட்கள் அகப்பட்டுத்தான் இருந்தார்கள். மரவீடு எரிவதற்கு ஐந்து நாட்கள் முன்னர், பெப்ரவரி 7 விடியற்காலையில், டொரன்ஸ் என்ற ஊரில் இரண்டு பெண்கள் வாகனத்தில் வீடுவீடாகப் பேப்பர் போட்டுக்கொண்டு போனார்கள். தாயும் மகளும். தாய்க்கு 71 வயது. டோர்னர் பழிவாங்கத் தேடிய ஒரு பொலிஸ் அதிகாரியின் வீட்டுக்குக் காவல் நின்ற எட்டுப் பேர், டோர்னர்தான் வருகிறார் என்று நினைத்து நூறுக்கும் மேற்பட்ட தடவை சுட்டார்கள். டோர்னருடைய வாகனம் சாம்பல் நிற நிஸான், இந்தப் பெண்களுடையது நீல நிற டொயோட்டா. இருவரும் காயத்தோடு உயிர் தப்பியது அதிசயம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் பிறகு 42 இலட்சம் டொலர் இழப்பீடு கொடுத்தது.

அந்தச் செய்தியை நான் பக்கத்தின் கீழே நாலு வரியில் போட்டிருந்தேன். எங்கள் அச்சுக்கூட வாசலில் தினமும் விடிய நாலு மணிக்குப் பேப்பர் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றும் ஆட்களைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறவன் நான். அவர்கள் இருட்டோடு சோதனைச்சாவடிகளைத் தாண்டிப் பேப்பர் போட்ட காலமும் இருந்தது. அப்படியிருந்தும் அந்தத் தாயும் மகளும் எனக்கு நாலு வரிதான். இப்போது என்றால் அதைப் பக்கத்தின் தலையில் போடுவேன்.

2016 ஒக்ரோபர் 20 இரவும் நான் வேலையில்தான் இருந்தேன். அப்போது உள்ளூர்ச் செய்திக்கு மாறியிருந்தேன். கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிள் விபத்து, பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் பலி என்று முதல் தகவல் வந்தது. விபத்து என்று சொன்னது பொலிஸ். விடிந்து சடலங்களைப் பார்த்தபோது துப்பாக்கிச்சூட்டுக் காயம் இருப்பது தெரிந்தது. ஐந்து பொலிஸார் கைதானார்கள். நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனார்கள் என்று அதற்குப் பிறகு விளக்கம் வந்தது. 25ஆம் திகதி வடக்கு முழுக்க ஹர்த்தால்.

அன்றைக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்த அழைப்புகளில் கோபம் பாதி, "நீங்களும் விபத்தெண்டுதானே எழுதினீங்கள்?" என்ற கேள்வி பாதி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சுட்டதைவிட, சுட்டுவிட்டு விபத்து என்று சொன்னதுதான் சனத்தை அதிகம் கொதிக்க வைத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவசரத்தில், பயத்தில் ஒரு பிழை நடந்துவிட்டது என்று அன்று இரவே ஒருவர் சொல்லியிருந்தால் ஊர் அழுதிருக்கும், ஆத்திரப்பட்டிருக்கும், ஆனால் பொலிஸ் சொல்லும் அடுத்த வசனத்தையாவது கேட்டிருக்கும்.

ஒன்பது மாதத்தில் இதே ஊர் வேறு மாதிரி நடந்துகொண்டதையும் பார்த்தேன். 2017 ஜூலை 22, சனிக்கிழமை பின்னேரம். நல்லூர்க் கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தியில், மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்ட் ஹேமச்சந்திரவின் துப்பாக்கியை ஒருவர் பறித்து அவரையே சுட்டுவிட்டுத் தப்பி ஓடினார். சார்ஜன்ட் போதனா வைத்தியசாலையில் இறந்துபோனார். சிலாபத்துச் சிங்களவர். பல வருடமாக நீதிபதியோடு இருந்தவர். நீதிபதி அவருடைய மனைவியின் காலில் விழுந்து அழுத காட்சியை நாடே பார்த்தது. யாழ்ப்பாணம் அந்த மனிதருக்காக மனதாரத் துக்கப்பட்டது. ஹர்த்தாலுக்குக் கடை பூட்டிய அதே ஆட்கள்தான்.

சந்தேகநபர் சில நாட்களில் தானாக வந்து சரணடைந்தார். அன்றைக்கு வந்த அழைப்புகளை மறக்க முடியாது. "ஏன் தம்பி அவனைப் பிடிச்சு வைச்சிருக்கினம்? ஓடேக்கையே சுட்டிருக்கலாமே?" என்று ஒருவர் கேட்டார். குளப்பிட்டி நேரத்தில் தொண்டை அடைக்கப் பேசிய குரல் அது, எனக்கு நன்றாகத் தெரியும். அவரை நான் குறை சொல்லவில்லை. வாள்வெட்டுக் குழுக்கள் வீடு புகுந்து வெட்டிய காலம் அது. பயந்த மனம் முடிவு கேட்கும், விசாரணை கேட்காது. ஆனால் உயிரோடு வந்ததால்தான் யார், ஏன், யாரைக் குறிவைத்து என்று கேட்க முடிந்தது. சரணடைந்தவர் மன்றுக்கு வந்தார், மன்றில் இருபக்கமும் பேச முடிந்தது. சுட்டிருந்தால் பொலிஸ் சொல்வதுதான் கதை. அந்தக் கதை எப்படி வரும் என்று எங்களுக்கு ஒன்பது மாதத்துக்கு முன்னர்தான் தெரிந்திருந்தது.

தெற்கிலிருந்து வரும் செய்திகளில் ஒரு வசனம் அச்சுக்கட்டை மாதிரி மாறாமல் வரும். மறைத்துவைத்த பொருளைக் காட்ட அழைத்துச் சென்ற இடத்தில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் சந்தேகநபர் உயிரிழந்தார். 2020 ஒக்ரோபரில் கொழும்பு மாளிகாவத்தையில் பாதாள உலகத் தலைவர் மாக்கந்துரே மதூஷ். 2021 மே மாதத்தில் இன்னொரு பாதாள உலகக்காரர் கொஸ்கொட தாரக. தாரகவின் மரணத்தைச் சட்டத்தரணிகள் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. தேநீர்க்கடையில் கேட்டால், "ஒழிஞ்சான், நல்லது" என்றுதான் பலர் சொல்வார்கள். தேடப்பட்டவனின் பெயர் தெரியாத ஊரில் அப்படிச் சொல்வது லேசு.

அப்புறம் ஒரு விஷயம், இதை எங்கள் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. நியூயோர்க் பொலிஸ் 1973இலேயே, துப்பாக்கியோடு அடைந்து கிடப்பவனிடம் பேசி வெளியே கொண்டுவருவதற்கென்று தனிப் பயிற்சி கொடுத்து ஆட்களை வைத்தது. அவசரப்படாதே, பேசிக்கொண்டே நேரத்தைக் கடத்து, அவன் களைக்கட்டும் என்பதுதான் அந்த வேலையின் அடிப்படை. பேச வேண்டுமென்றால் மொழி வேண்டும். யாழ்ப்பாணத்தில் கடமையில் இருக்கும் பொலிஸாரில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுகிறவர்கள். முறைப்பாடு எழுதக்கூட மொழி தெரிந்த ஒருவர் வரும்வரை வாங்கில் காத்திருந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. நாளைக்கு ஒருவன் கத்தியோ துவக்கோ வைத்துக்கொண்டு உரும்பிராயில் ஒரு வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டால், வெளியே ஒலிபெருக்கி பிடித்து நிற்பவர் எந்த மொழியில் பேசுவார்? அவனுடைய அம்மாவைக் கூட்டிவந்து, "தம்பி, வெளியிலை வா, ஒண்டும் செய்யமாட்டினம்" என்று சொல்லச் சொன்னால், அந்த வாக்குறுதியை அந்த அம்மாவே நம்புவாவா?

இப்போது நான் உள்ளூர்ப் பக்கத்துக்குப் பொறுப்பு. "சுற்றிவளைப்பில் ஒருவர் பலி" என்று பிரதேச நிருபரிடமிருந்து தகவல் வந்தால் உடனே திரும்ப எடுத்துக் கேட்பேன். பலி என்று யார் சொன்னது? சடலத்தைப் பார்த்த வைத்தியர் என்ன சொல்கிறார்? அக்கம்பக்கத்தவர் எத்தனை வெடி கேட்டார்கள்? புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது எரிச்சல். மற்றப் பேப்பர்களில் அந்தச் செய்தி அதற்குள் வந்திருக்கும், நாங்கள் அரை மணித்தியாலம் பிந்துவோம்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு கோப்பாய் ஆசிரியரின் கேள்வியையும் கேட்பேன். அவர் இப்போது இல்லை. உள்ளே வேறு ஆட்கள் இருந்தார்களா என்று கேட்டால், நிருபர் பெரும்பாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதை நான் கேக்கேல்லை அண்ணை, கேட்டுச் சொல்லுறன்" என்பார். பக்கத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அழைப்புக்குக் காத்திருப்பேன்.