பின்பக்கம்

"அப்பா உருவத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். "எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்றார், போஸ்டருக்காகத் தன் அப்பாவின் படத்தைக் கொடுத்திருந்த பெண். தொலைபேசியில் நடந்தது இவ்வளவுதான். நான்கு மாதங்களாக இந்த இரண்டு வரிகளிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

வெட்டுவது என்றால் அவருக்குக் கணினியில் வெட்டுவது. மதுரையில் போஸ்டர் அடிக்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, தாளையே வெட்டுவது இரண்டாவது. அவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று அந்த நொடியில் எனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றுதான் முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பறையும் கிதாரும் சேர்ந்து ஒலிக்கும் நிகழ்ச்சி அது. குழுவில் பறை வாசிக்கிற அந்தப் பெண், தன் அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொடுத்திருந்தார். வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார் அவர். தோல் விறைப்பதற்காக, முகத்தில் அனல் படப் படக் குனிந்திருக்கிறார். அதைப் பார்த்ததுமே போஸ்டர் என் கண்ணில் வந்துவிட்டது: அப்பாவும் பறையும் காகிதமாக, தீ மட்டும் நான் டேப்லெட்டில் வரைகிற ஆரஞ்சு நிறமாக.

முதலில் ஒழுங்காகத்தான் தொடங்கினேன். மூலப்படத்தை ஸ்கேன் செய்து, புதுப் புகைப்படத் தாளில் அச்செடுத்து, அதைக் கிழித்துப் பார்த்தேன். இன்றைய தாளில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அது கிழியாமல் இழுபடுகிறது, ஓரம் சுருள்கிறது. பழைய தாள் அப்படியில்லை. கிழித்தால் கறுப்புக்கு அடியிலிருந்து வெள்ளை நார் எழும்பும். அந்த வெள்ளை ஓரத்தின் பக்கத்தில் தட்டையான டிஜிட்டல் நிறத்தை வைத்தால்தான் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். ஃபோட்டோஷாப்பில் அந்த ஓரத்தை வரைந்தும் பார்த்தேன். பொய்யாக இருந்தது. இதை இப்போதும் சொல்வேன்: அது பொய்யாகத்தான் இருந்தது.

அதனால் மூலத்தையே எடுத்தேன். வெட்டக் கேட்டேன், கிழித்தேன். தோளிலிருந்து பறையின் விளிம்பு வரை விரலாலேயே மெல்லக் கிழித்துக்கொண்டு வந்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாம்.

பசை தடவுவதற்காகத் திருப்பியபோதுதான் பின்பக்கத்தில் நீல மையில் எழுத்து இருப்பதைப் பார்த்தேன். முதல் சொல் 'பாலமேடு'. அதற்குக் கீழே ஒன்றரை வரி. கிழிசல் அதன் குறுக்கே போயிருந்தது. எனக்கு அவசரம், மறுநாள் காலையில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். முன்பக்கத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகளாக, ஸ்கேன் செய்தாயிற்று என்ற நிம்மதி வேறு. பசையைத் தடவி அட்டையில் ஒட்டிவிட்டேன். அந்த ஒன்றரை வரியை நான் படிக்கவே இல்லை.

கணினியில் படத்துக்குப் பின்பக்கம் கிடையாது. பத்து வருடங்களாகத் திரையில் வேலை பார்த்தவன் நான். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றாதது அந்தப் பழக்கத்தால் என்று ஒரு நண்பரிடம் விளக்கினேன். ஆனால் நான்தான் திருப்பினேனே. பார்த்தேனே.

ஒட்டுப்படக் கலையே இப்படித்தான் வளர்ந்தது என்றும் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். முதல் உலகப் போர் முடிந்த கையோடு பெர்லினில் ஹன்னா ஹோக் என்ற கலைஞர் படங்களை வெட்டி வெட்டித்தானே ஒட்டினார்? வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அவர் வெட்டியவற்றில் பெரும்பாலானவை பத்திரிகைப் படங்கள், ஆயிரக்கணக்கில் அச்சானவை. இதே போஸ்டரின் அடியில் நான் ஒட்டிய சிவகாசிக் காலண்டர் துண்டுகளும் அப்படித்தான். அவற்றை வெட்டியதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. அவற்றின் அச்சுப் புள்ளிகள் ஸ்கேனில் அலை அலையாகக் கோடு கட்டியதும் லேசாக மங்கலாக்கிச் சரிசெய்தேன், வேலை முடிந்தது. இந்தப் படம் உலகத்திலேயே ஒன்றுதான்.

போஸ்டர் நன்றாக வந்தது. ஏ4 அட்டையை 600 டிபிஐயில் எடுத்ததால் ஏ2 அளவுக்குப் பெரிதாக்கியும் நார் நாராகத் தெரிந்தது. கிழிசலுக்குக் கீழே ஸ்கேனர் விளக்கு விட்டுச்சென்ற மெல்லிய நிழலைக்கூட நான் அழிக்கவில்லை. கோரிப்பாளையத்தில் ஒரு சுவரில் அதைப் பார்த்தபோது வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன்.

படத்தை வாங்கிக்கொள்ள அந்தப் பெண் வந்தார். அட்டையைக் கொடுத்தேன். முன்பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அட்டையைத் திருப்பினார். பழுப்பு அட்டைதான் இருந்தது.

"இதில் அப்பா எழுதியிருந்தாரே அண்ணே."

"பசை போட்டுவிட்டேன்ம்மா. ஸ்கேன் இருக்கிறது, முழுப் படமாகப் பெரிதாக அச்செடுத்துத் தருகிறேன்."

"எழுத்தும் வருமா?"

வராது என்று சொன்னேன். என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவருக்கு நினைவிருந்திருக்கலாம், ஒரு தாளிலாவது எழுதி வைத்திருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால், நான் படிக்காமலேயே பசை தடவியது தெரிந்துவிடும்.

அவர் கோபப்படவில்லை. "போஸ்டர் நல்லாயிருக்கு அண்ணே" என்றார். அட்டையை இப்போதைக்கு என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார், பிறகு வாங்கிக்கொள்வதாக.

ஈரம் காட்டி மெல்ல உரித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது ஊற்றுப்பேனா மை, ஈரம் பட்டால் கரைந்துவிடும். அதனால் தொடவில்லை. அட்டை மேசைக்கு எதிரே சுவரில் சாய்ந்திருக்கிறது. அந்தக் கிழிந்த ஓரம் இப்போதும் என் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது.