நீலக் கேபிளை விடாதீர்கள்: சிசிஎன்ஏ எடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ சான்றிதழுக்குப் படிப்பிக்கும் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி எங்கள் கம்பஸில் இருப்பது, முதல் வருடம் முடியும் வரை எனக்குச் சுவரில் தொங்கிய பெயர்ப்பலகையாகத்தான் தெரிந்தது. வவுனியாவில் தமிழ் மொழிமூலம் உயர்தரம் முடித்துவிட்டு வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த நான், அது இங்கிலிஷ் மீடியம் பிள்ளைகளுக்கு என்று ஒதுங்கி இருந்துவிட்டேன். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கும்.

முதலில் சிஸ்கோவும் கம்பஸும் சேர்ந்து இதை எப்படி நடத்துகின்றன என்று விளங்கிக்கொள்ளுங்கள். அகாடமி 1997இல் அமெரிக்காவில் தொடங்கியது. பாடசாலைகள் நெட்வொர்க் கருவிகளை வாங்கிப் பூட்டிவிட்டு, பழுதானால் பார்க்க ஆளில்லாமல் நின்றன. மாணவர்களையே பழக்குவோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். பாடத்திட்டமும், திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் பேக்கெட் டிரேசர் மென்பொருளும் சிஸ்கோ தரும். இடமும் ஆசிரியரும் லாப்பும் கம்பஸினுடையவை. பேக்கெட் டிரேசரை வீட்டிலிருந்தே இலவசமாக இறக்கலாம். ஆனால் லாப்பில் நிஜக் கருவிகளை அடுக்கி வைத்திருக்கும் ரேக் உங்களுக்கு அந்த மூன்று நான்கு வருடங்கள்தான் கைக்கெட்டும். படிப்பு முடிந்தபின் அப்படி ஒன்றை யுனிட்டி பிளாசாவில் தேடி வாங்க எத்தனை பேரிடம் காசு இருக்கும்?

ரேக் கற்றுத்தந்தது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள், கணினியிலிருந்து ரவுட்டருக்கு நேரே கட்டளை கொடுக்கும் நீலக் கன்சோல் கேபிளைப் பூட்டி, வேகம் 9600 வைத்துத் திறந்தால், ரவுட்டர் பாஸ்வேர்ட் கேட்கிறது. முந்தின குழு போட்டது, யாருக்கும் நினைவில்லை. லாப் பொறுப்பாளர் அண்ணா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ரவுட்டரை அணைத்துப் போட்டு, பிரேக் விசையை அடித்து, ரவுட்டர் முழுதாக எழும்பாமல் நிற்கும் ரொம்மான் நிலைக்குள் போய், எப்படி எழும்ப வேண்டும் என்று சொல்லும் ரெஜிஸ்டர் எண்ணை 2142 ஆக்கினேன். சேமித்திருந்த பழைய அமைப்பை, அதாவது கன்ஃபிகரேஷனை, வாசிக்காமலே எழும்பியது. புதிதாக எல்லாம் எழுதி சேவ் பண்ணிவிட்டுப் போனேன். மறுநாள் வந்து போட்டால் வெறுமை. 2102க்குத் திருப்பி வைக்க மறந்திருந்தேன்! எழுதியது உள்ளேதான் இருந்தது, ரவுட்டர் அதைப் பார்க்கவில்லை. சேமித்து வைத்த ஸ்டார்ட்டப் கன்ஃபிகுக்கும் அந்த நேரம் ஓடும் ரன்னிங் கன்ஃபிகுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது. ஆகவே லாப் நேரம் முடிந்தபிறகும் நிற்கலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சப்நெட்டிங்கை, அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கை, கல்குலேட்டரிடம் விடாதீர்கள். 192.168.10.77/27 என்று கண்டதும், 32 32ஆகப் பிரிகிறது, 64இல் தொடங்கி 95இல் முடிகிறது, இடையில் 65 தொடக்கம் 94 வரை கருவிகளுக்கு என்று வாய் தானாகச் சொல்ல வேண்டும். நான் 100ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது முன்னால் போகும் வாகனங்களின் இலக்கங்களை வைத்துப் பழகினேன். குறிப்புகளைத் தமிழிலேயே எழுதினேன். 'டிஃபோல்ட் கேட்வே என்றால் ஊருக்கு வெளியே போகும் படலை' என்று எழுதிய வரி இன்னும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. கட்டளைகள் மட்டும் அப்படியே ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

நான் விட்ட பெரிய பிழை இது. அகாடமியின் மூன்றாம் பாடநெறியின் இறுதிச் சோதனையில் முதல் முயற்சியிலேயே 70 எடுத்தவர்களுக்கு எங்கள் காலத்தில் சிசிஎன்ஏ சோதனைக் கட்டணத்தில் தள்ளுபடி வவுச்சர் கிடைத்தது. இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு எழுதி 66 எடுத்தேன். வவுச்சர் இல்லாததால் சிசிஎன்ஏ கட்டணம் 300 டொலர். அம்மா சீட்டுக் காசை எடுத்து அனுப்பினா. உங்கள் ஆசிரியரிடம் இப்போதைய விதியை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

சிசிஎன்ஏ சோதனை 120 நிமிடம். ஒரு கேள்வியை விட்டுத் தாண்டினால் திரும்பி வர முடியாது. ஐபி கனெக்டிவிட்டி என்ற பகுதிக்கு 25 வீதம், அதுதான் ஆகக் கூடியது. எந்தப் பாதையில் அனுப்புவது என்று ரவுட்டர் பார்க்கும் ரவுட்டிங் அட்டவணையைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். நிரல் எழுதிக் கருவிகளை நிர்வகிக்கும் ஆட்டோமேஷன் பகுதிக்கு 10 வீதம்தான், கடைசி இரண்டு வாரம் போதும்.

சோதனைக்குப் பதியும்போது பெயரை, அன்றைக்குக் கொண்டுபோகும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். எங்களுக்குத்தான் அப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற சிக்கல் வரும். நான் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்து, அதையே கொண்டுபோனேன்.